ஹாட்டி மக்டானியலும் பணிப்பெண் பாத்திரமும்: ஒரு திறனாய்வு

1. தோற்றுவாய்

காப்பியமாயினும் நாடகமாயினும் திரைப்படமாயினும், கதை தலைமக்களைச் சுற்றியே இயங்குதல் இயல்பு. ஆயினும் தலைமக்கள் தாமே தனித்து நின்று ஒரு கதையை நடத்திச் செல்லுதல் அரிது. அவர்தம் உள்ளத்தைக் காண்போர்க்குப் புலப்படுத்தவும், அவர் நெறி தவறுமிடத்து இடித்துரைக்கவும், அவர்க்கு நேர்ந்ததைப் பிறர்க்கு எடுத்தியம்பவும் துணைப்பாத்திரங்கள் வேண்டப்படுகின்றன. இப்பாத்திரங்களை ஏற்போரையே திரையுலகம் குணச்சித்திர நடிகர் என வழங்குகின்றது.

1930-ஆம் ஆண்டுகளின் ஹாலிவுட், இத்தகைய நடிகர்களை வகைவகையாகப் பிரித்து வைத்துக்கொண்டு பயன்படுத்தியது. குடிகார மருத்துவர், கடுகடுத்த அத்தை, நாத்தழுதழுக்கும் எழுத்தர் என ஒவ்வொரு வகைக்கும் சிலர் இருந்தனர். ஒரு படத்தில் ஏற்ற வேடத்தையே அவர்கள் அடுத்த படத்திலும் ஏற்றனர். வெள்ளையின நடிகர்க்கு இவ்வகைகள் பல. கறுப்பின நடிகையர்க்கோ பெரும்பாலும் ஒன்றே. அது வெள்ளையர் வீட்டுப் பணிப்பெண் வேடம்.

அவ்வொரு வேடத்தையே ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஏற்று நடித்து, அதன்வழி ஆஸ்கார் பரிசு பெற்ற முதற் கறுப்பினக் கலைஞர் என்னும் இடத்தை எய்தியவர் ஹாட்டி மக்டானியல் அம்மையார். அவரைப் பற்றி இருவேறு கருத்துகள் தொடர்ந்து வழங்கி வருகின்றன. அவர் தம் இனத்தைச் சிறுமைப்படுத்திய வார்ப்புக்கு உயிரூட்டியவர் என்பது ஒரு சாரார் கருத்து. பரிசே அவர் பெருமைக்குச் சான்று, அதற்குமேல் ஆராய வேண்டுவதில்லை என்பது மற்றொரு சாரார் கருத்து. இவ்விரண்டும் அவர் நடிப்பைக் கூர்ந்து நோக்காமல் கூறப்பட்டவை என்பது நம் கருத்து. ஒரு பாத்திரத்தின் வார்ப்பே பொய்யாக அமைந்தவிடத்து, அதனுள் நின்று நடிப்பவரின் நடிப்பும் பொய்யாகிவிடுமோ என்பதே ஈண்டு எழும் வினா. அவ்வினாவுக்கு அவர் நடித்த படங்களைக் கொண்டே விடை காண முயல்வோம்.

2. வாழ்வும் பயிற்சியும்

மக்டானியல் அம்மையார் 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் கான்சஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில், பதின்மூன்று மக்களுள் இளையவராகப் பிறந்தவர். பெற்றோர் இருவரும் அடிமைத்தளையினின்று விடுதலை பெற்றவர்கள். தந்தையார் ஹென்றி, அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒன்றிய அரசின் படையில் நின்று போரிட்டவர். குடும்பம் கொலராடோ மாநிலத்திற்குப் பெயர்ந்தபின், டென்வர் நகரில் அம்மையார் வளர்ந்தார். உடன்பிறந்தாருட் சிலரும் மேடைக் கலைஞராக விளங்கினர். அண்ணன் சாமும் தமக்கை எட்டாவும் பின்னாளில் திரையிலும் தோன்றினர்.

அம்மையார் முதற்கண் பாடகர். திரை நடிப்பு அவர்க்குப் பின்னர் வாய்த்தது. 1920-ஆம் ஆண்டுகளில் ஜார்ஜ் மாரிசனின் இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சென்று பாடினார். டென்வர் வானொலியில் பாடினார். அப்பத்தாண்டின் பிற்பகுதியில் சிக்காகோவில் 'புளூஸ்' என்னும் வகைப் பாடல்களை இசைத்தட்டுகளில் பதிவு செய்தார். 1929-இல் பொருளாதார வீழ்ச்சி நேர்ந்தபோது வேலை இழந்து, மில்வாக்கி நகரத்து இரவு விடுதி ஒன்றில் பெண்களுக்குரிய ஒப்பனையறையில் ஏவலராகப் பணியாற்றினார். பின்னர் அவ்விடுதியின் மேடையிலேயே பாடும் வாய்ப்பும் பெற்றார். 1931-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடைந்தபின்னும், வானொலி வருவாயும் திரை வருவாயும் போதாமையால் வீட்டு வேலையும் செய்து வந்தார்.

இவ்வரலாற்றுக் குறிப்புகள் திறனாய்வுக்கு இரு வகையில் துணை செய்கின்றன. ஒன்று, அவர் குரலைப் பற்றியது. அவர் வசனம் பேசும்பொழுது சொற்களுக்கிடையே விடும் இடைவெளிகளும், ஒரு தொடரின் இறுதியைத் தாழ்த்தி முடிக்கும் முறையும் இசைப்பயிற்சியின் விளைவுகள் என்பது கேட்போர்க்குப் புலனாகும். மற்றொன்று, அவர் நடித்த வேலையை அவர் செய்தும் இருந்தார் என்பது. ஏவலரின் உடலசைவில் எது உண்மை, எது முதலாளிக்காக இடப்பட்ட நடிப்பு என்பதை அவர் பட்டறிவால் அறிந்திருந்தார். திரையில் அவர் காட்டிய நுட்பத்திற்கு இவ்வறிவே வேர் எனலாம்.

3. வார்ப்பின் இயல்பு

பணிப்பெண் வார்ப்பு திரைப்படத்தில் தோன்றியதன்று. உள்நாட்டுப் போருக்குப் பின் அமெரிக்கத் தென்மாநிலங்களைப் பற்றி எழுந்த புதினங்களிலும் மேடை நாடகங்களிலும் அது முன்பே வேரூன்றியது. பருத்த உடல், தலையிற் கட்டிய துணி, வெள்ளைக் குழந்தைகள்மீது எல்லையற்ற அன்பு, தனக்கென வாழ்வின்மை ஆகியன அதன் கூறுகள். அடிமைமுறை அன்பால் அமைந்த ஓர் உறவே என்னும் எண்ணத்தைப் பரப்புதற்கு அது பயன்பட்டது. ஆதலின் அவ்வார்ப்பு வெறும் நகைச்சுவைக்குரியது அன்று. வரலாற்றைத் திரித்துக் கூறும் கருவி என்பது தெளிவு.

இவ்வார்ப்பை ஏற்ற நடிகையர் யாவரும் ஒரே வகையாக நடித்தனர் என்று கொள்ளுதல் பொருந்தாது. 1934-இல் வெளிவந்த 'இமிடேஷன் ஆப் லைஃப்' படத்தில் லூயிஸ் பீவர்ஸ் அம்மையார் ஏற்ற டெலைலா என்னும் பாத்திரத்தை மக்டானியலின் பாத்திரங்களோடு ஒப்பிடுவோம். தன் சமையற் குறிப்பால் வீட்டுத்தலைவி பெருஞ்செல்வம் ஈட்டியபின்னும் டெலைலா தனக்கென ஒன்றும் வேண்டாமல், அவ்வீட்டிலேயே பணிசெய்யும் பேற்றை விரும்புகிறாள். பீவர்ஸ் அப்பாத்திரத்தைக் கனிவும் துயரமும் தோன்ற நடித்தார். அதில் எதிர்ப்பின் சாயல் இல்லை. மக்டானியலின் பாத்திரங்களிலோ கனிவினும் கண்டிப்பே மேலோங்கி நிற்கிறது. அவர் புருவத்தை நெரித்து, உதட்டைப் பிதுக்கி, இடையிற் கைவைத்து நிற்கும் நிலையில், வீட்டுத்தலைவரை அளந்து பார்க்கும் ஒருவரின் தோற்றத்தைக் காண்கிறோம். சொல்லில் பணிவும் முகத்தில் மதிப்பீடுமாக இரண்டையும் ஒருங்கே காட்டுதல் அவர்தம் தனித்திறன்.

4. 'ஆலிஸ் ஆடம்ஸ்' படத்து விருந்துக் காட்சி

1934-இல் ஜான் ஃபோர்டு இயக்கிய 'ஜட்ஜ் பிரீஸ்ட்' படத்தில் மக்டானியல் குறிப்பிடத்தக்க பங்கு பெற்றார். எனினும் அவர் கலையின் இயல்பை முதன்முதலாகத் தெளிவுறக் காட்டியது, 1935-இல் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கிய 'ஆலிஸ் ஆடம்ஸ்' படமே.

சிற்றூரொன்றில் வாழும் நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஆலிஸ். தன்னினும் செல்வமிக்க இளைஞன் ஒருவனைக் கவர விரும்புகிறாள். அவன் விருந்துக்கு வரும் நாளில், தங்களைச் செல்வக் குடும்பத்தினராகக் காட்டிக்கொள்ளும்பொருட்டு, அக்குடும்பத்தார் மலீனா என்னும் பணிப்பெண்ணை ஒரு மாலைப் பொழுதுக்கு மட்டும் அமர்த்துகின்றனர். புழுக்கம் மிக்க வெப்ப நாள். உணவோ சூடும் கனமும் மிக்கது. மலீனா தளர்ந்த நடையோடு வருகிறாள். அவள் தலையணி சரிந்து சரிந்து விழுகிறது. முகத்தில் எவ்வகை ஆர்வமும் இல்லை. காதரின் ஹெப்பர்ன் ஏற்ற ஆலிஸ், விருந்தினன் கவனத்தை வேறுபுறம் திருப்ப இடைவிடாது பேசிக்கொண்டேயிருக்கிறாள்.

இக்காட்சியை, விகாரமான பணிப்பெண் ஒருத்தியைக் கண்டு நகைக்கும் காட்சியெனக் கொள்வார் உளர். கூர்ந்து நோக்கின் நகைக்குரியவர் வேறு என்பது புலனாகும். அம்மேசையில் அமர்ந்துள்ள ஒவ்வொருவரும் தாம் அல்லாத ஒன்றாகத் தம்மைக் காட்டிக்கொள்ள முயல்கின்றனர். நடிக்க மறுப்பவள் மலீனா ஒருத்தியே. வெப்பத்தை வெப்பமாகவும், களைப்பைக் களைப்பாகவும், ஒரு மாலைக்கூலியை ஒரு மாலைக்கூலியாகவும் அவள் உடல் காட்டுகிறது. அவ்வுடலின் மெய்ம்மையாலேயே அக்குடும்பத்தின் பொய்ம்மை வெளிப்படுகிறது. வசனம் மிகக் குறைவாக இருந்தும் காட்சியின் பொருளைத் தாங்கி நிற்பது மக்டானியலின் நடிப்பே. பணிப்பெண் வார்ப்பின் முதற்கூறு, முதலாளியின்மீது அளவிறந்த அன்பு என்றோம். மலீனாவிடம் அது சிறிதும் இல்லாமை கருதத்தக்கது.

5. 'கான் வித் த விண்ட்' படத்தில் மம்மி

மார்கரெட் மிட்செல் 1936-இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவி, டேவிட் செல்ஸ்னிக் தயாரிப்பில் 1939-இல் வெளிவந்தது 'கான் வித் த விண்ட்'. அடிமைமுறையின்மேல் எழுந்த தோட்ட வாழ்வைப் பொற்காலமாகப் போற்றும் நோக்கு புதினத்திலும் படத்திலும் ஊடுருவி நிற்கிறது. கதைத்தலைவி ஸ்கார்லெட்டை வளர்த்த செவிலியாகிய மம்மியின் பாத்திரம் மக்டானியலுக்கு அமைந்தது.

தொடக்கத்தில், விருந்துக்குப் புறப்படும் ஸ்கார்லெட்டின் இடையாடையை மம்மி இழுத்துக் கட்டும் காட்சி உலகறிந்தது. புறப்படுமுன் உண்ணவேண்டும் என்று மம்மி வற்புறுத்துகிறாள், ஸ்கார்லெட் மறுக்கிறாள். அவள் உள்ளத்தில் இடம்பெற்ற ஆஷ்லியின் பெயரை மம்மி உரிய நேரத்தில் எடுத்துத் தொடுக்கவே, ஸ்கார்லெட் சினத்தோடு உண்ணத் தொடங்குகிறாள். ஏவும் உரிமை உடையவள் ஸ்கார்லெட். ஏவல் நிறைவேறுவதோ மம்மியின் வழியில். அவளை முற்றும் அறிந்தவள் தான் ஒருத்தியே என்னும் உறுதியை மக்டானியல் குரலை உயர்த்தாமலே காட்டுகிறார்.

இடையில் ஒரு சிறு காட்சி. ரெட் பட்லர் தனக்கு வாங்கித் தந்த சிவப்புப் பட்டு உள்ளாடையை மம்மி நெடுங்காலம் அணிய மறுத்திருந்தாள். குழந்தை பிறந்த மகிழ்ச்சியில் அதனை அணிந்து வருகிறாள். பட்டின் சரசரப்பைப் பட்லர் கேட்கிறான். அவள் நாணமும் பெருமிதமும் கலந்து விளிம்பைச் சிறிது உயர்த்திக் காட்டுகிறாள். கதைப்போக்குக்கு இக்காட்சி இன்றியமையாதது அன்று. எனினும் ஒருவரை மதிப்பிட்டு, அவர் தகுதியுடையவர் எனத் தானே முடிவு செய்து, அம்முடிவைத் தன் வழியில் அறிவிக்கும் ஒருத்தியை இங்குக் காண்கிறோம். மதிப்பீட்டுரிமை ஏவலாளிடம் இருப்பது இக்காட்சியின் சிறப்பு.

அவர்தம் நடிப்பின் உச்சம் படிக்கட்டுக் காட்சி. குழந்தை போனி குதிரையினின்று விழுந்து இறந்தபின், மெலனி அவ்வீட்டுக்கு வருகிறாள். மம்மி அவளை மாடிக்கு அழைத்துச் செல்லும்போதே நிகழ்ந்தவற்றைக் கூறுகிறாள். பட்லர் அக்குதிரையைச் சுட்டுக் கொன்றமை, கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பழித்துக்கொண்டமை, இருளுக்கு அஞ்சும் குழந்தையை மண்ணில் இடக்கூடாதென அவன் அறையைத் தாழிட்டுக்கொண்டு கிடக்கின்றமை ஆகிய அனைத்தும் அவள் கூற்றாகவே வருகின்றன. காமிரா இருவரோடும் படியேறுகிறது. இறந்த குழந்தையின் அறையை நாம் காண்பதில்லை. தலைமக்களின் பூசலையும் காண்பதில்லை. அவற்றையெல்லாம் ஒரு குரலால் நம் கண்முன் நிறுத்துகிறார் மக்டானியல். ஒரு படிக்கும் மறு படிக்கும் இடையே மூச்சு வாங்குவதும், அழுகையை அடக்கிச் செய்தியை முடிக்க முயல்வதும், முடியாதவிடத்து நிறுத்தி மீண்டும் தொடங்குவதுமாக அக்கூற்று அமைகிறது. அவலத்தின் மிகுதியைத் தலைவனும் தலைவியும் அல்லாத ஒருத்தியின் வாயில் வைத்த இவ்வமைப்பு, பண்டை நாடகங்களில் தூதன் கூற்றுக்குள்ள பொறுப்பை ஒத்தது.

6. பெயரின்மை

தமிழ் அகப்பாடல் மரபில் செவிலி பெறும் இடம் இங்கு ஒப்புநோக்குதற்குரியது. செவிலியும் வளர்த்தவள், கூற்று நிகழ்த்தும் உரிமை உடையவள், தலைவி பிரிந்தவிடத்து அவலத்தைச் சொல்லால் தாங்குபவள். அவளுக்குப் பெயர் இல்லை. ஆனால் அகத்திணையில் தலைவனுக்கும் தலைவிக்கும் கூடப் பெயர் கூறப்படுவதில்லை. அங்குப் பெயரின்மை யாவர்க்கும் பொதுவான இலக்கண நெறி.

மம்மியின் நிலை அன்னதன்று. அவளைச் சூழ்ந்த வெள்ளையர் அனைவர்க்கும் பெயருண்டு, குடிப்பெயரும் உண்டு. அத்தோட்டத்துப் பிற அடிமைகளுக்கும் அழைக்கும் பெயர்கள் உள்ளன. மம்மி என்பதோ வெள்ளைக் குழந்தைகளை வளர்க்கும் கறுப்பினச் செவிலியரைக் குறிக்கும் தொழிற்சொல்லே. அவளுக்குக் கணவன் உண்டா, தான் ஈன்ற மக்கள் உண்டா, அவர்கள் எங்கு விற்கப்பட்டனர் என்பன பற்றிப் படம் ஒன்றும் கூறவில்லை. போர் முடிந்து விடுதலை கிட்டியபின் அவள் ஏன் அவ்வீட்டில் தங்கினாள் என்பதற்கும் காரணம் காட்டப்படவில்லை. தங்குவதே இயல்பு என்பது படத்தின் கோட்பாடு.

இவ்வெற்றிடங்களை நடிப்பால் முற்றும் நிரப்ப இயலாது. மக்டானியல் மம்மிக்கு அறிவு தந்தார், மானம் தந்தார், மதிப்பிடும் கண்ணைத் தந்தார். ஒரு வாழ்க்கை வரலாற்றைத் தர அவரால் இயலவில்லை. அதனைத் தரவேண்டியவர்கள் கதையாசிரியரும் தயாரிப்பாளருமே. நடிகரின் குறையையும் பனுவலின் குறையையும் வேறுபடுத்திக் காண்பது இங்கு இன்றியமையாதது. ஒரு சாரார் பனுவலின் பழியை நடிகர்மேல் ஏற்றினர். மறு சாரார் நடிகரின் புகழைப் பனுவலுக்கு அரணாக்கினர். இரண்டும் ஒரே பிழையின் இருபக்கங்கள்.

7. பரிசும் எதிர்ப்பும்

படத்தின் முதற்காட்சி விழா 1939 டிசம்பர் 15-இல் அட்லாண்டா நகரில் நிகழ்ந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் இனப்பிரிவினை முறைமையால் மக்டானியலும் பிற கறுப்பின நடிகரும் அதிற் கலந்துகொள்ளவில்லை. 1940 பிப்ரவரி 29-இல், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அம்பாசடர் ஹோட்டலில் ஆஸ்கார் விழா நடைபெற்றது. துணைநடிகைக்குரிய பரிசுக்கு, அதே படத்தில் மெலனியாக நடித்த ஒலிவியா டி ஹாவிலண்டும் போட்டியில் இருந்தார்; பரிசு மக்டானியலுக்குக் கிடைத்தது. ஆயினும் அவர் தம் படக்குழுவினரோடு அமராமல், சுவரோரமாகத் தனியே இடப்பட்ட சிறு மேசையில் அமர்த்தப்பட்டிருந்தார். கறுப்பினத்தவரை அனுமதிக்காத அவ்விடுதியில், அவர் நுழைவதற்கே செல்ஸ்னிக் தனியே இசைவு பெறவேண்டியதாயிற்று.

1942-இல் கறுப்பின மக்கள் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவரான வால்டர் வைட் ஹாலிவுட்டுக்கு வந்து, ஏவலர் வேடங்களிலேயே கறுப்பினத்தவரைக் காட்டும் வழக்கத்தை விடுமாறு படநிறுவனங்களை வற்புறுத்தினார். அவ்வியக்கத்தின் நோக்கம் நேரியது என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் அவ்வேடங்களால் வாழ்ந்த நடிகர்களின் கருத்து முதற்கண் கேட்கப்படவில்லை என்னும் குறை மக்டானியல் முதலியோர்க்கு இருந்தது. ஏவல் வேடம் இழிந்தது எனின், ஏவல் தொழிலும் அதனைச் செய்து மக்களைக் காத்த எண்ணற்ற பெண்களும் இழிந்தவரோ என்னும் வினா அவர்கள் நிலைப்பாட்டில் உள்ளடங்கியது. இதனையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இழிவு தொழிலில் இல்லை. அத்தொழிலன்றி வேறொன்றை ஓர் இனத்தாருக்குக் காட்டாமையிலேயே உள்ளது எனக் கொள்ளின், இருதிறத்தார் கூற்றும் தம்முள் முரணாமை விளங்கும்.

8. பிற்கால நடிப்பு

நல்ல பனுவல் வாய்த்திருப்பின் அவர் எத்துணை உயர்ந்திருப்பார் என்பதற்கு, 1942-இல் ஜான் ஹியூஸ்டன் இயக்கிய 'இன் திஸ் அவர் லைஃப்' சான்று. அதில் அவர் ஏற்றது மினர்வா க்ளே என்னும் பாத்திரம். மினர்வாவும் பணிப்பெண்ணே, ஆனால் அவளுக்குப் பெயரும் குடிப்பெயரும் உண்டு, சட்டம் பயிலும் மகனும் உண்டு. வெள்ளையினப் பெண்ணொருத்தி காரோட்டிச் சென்று குழந்தையொன்றைக் கொன்றுவிட்டு, பழியை அம்மகன்மேற் சுமத்துகிறாள். மகன் அவ்வேளை வீட்டில் தன்னோடு இருந்தான் என்பதையும், காவலர் அதனைக் கேட்க விரும்பவில்லை என்பதையும் மினர்வா எடுத்துரைக்கும் காட்சியில், மக்டானியல் தமக்குப் பழகிய கருவிகள் அனைத்தையும் கைவிடுகிறார். புருவ நெரிப்பு இல்லை. இடையிற் கை இல்லை. குரல் தாழ்ந்து சமமாக ஒலிக்கிறது. சொல்லுக்கும் முகத்துக்கும் இடையே இதுகாறும் இருந்த வேறுபாடு இங்கு மறைந்துவிடுகிறது. மறைத்துப் பேசவேண்டிய தேவை அப்பாத்திரத்திற்கு இல்லாமையே காரணம். இனப்பாகுபாட்டைக் காட்டியமையால் அப்படத்தை வெளிநாடுகளுக்கு அனுப்பப் போர்க்காலத் தணிக்கை அலுவலகம் இசைவு தரவில்லை.

ஆனால் அவ்வழி தொடரவில்லை. 1944-இல் வந்த 'சின்ஸ் யூ வென்ட் அவே' படத்தில், கூலி தர இயலாத குடும்பத்துக்கு, வேறிடத்தில் உழைத்துவிட்டு வந்து ஊதியமின்றிப் பணிசெய்யும் ஃபிடிலியாவாக அவரைக் காண்கிறோம். 1946-இல் வந்த 'சாங் ஆப் த சவுத்' பழைய தோட்ட வாழ்வையே மீண்டும் இனிமைப்படுத்தியது. 1947 முதல் வானொலியில் 'பியூலா' என்னும் பணிப்பெண் பாத்திரத்தைத் தலைமைப் பாத்திரமாக ஏற்றார். அதற்குமுன் அப்பாத்திரத்திற்குக் குரல் கொடுத்தவர்கள் வெள்ளையின ஆடவர் என்பதை நினைக்குங்கால், ஒரு கறுப்பினப் பெண்ணின் குரல் அவ்விடத்தை அடைந்ததே ஒரு மாற்றம் எனலாம். அவ்வேடம் தொலைக்காட்சிக்கு வந்தபோது சில நிகழ்ச்சிகளிலேயே அவரால் நடிக்க முடிந்தது. நோயுற்று 1952 அக்டோபர் 26-இல் மறைந்தார்.

திரையில் மறுக்கப்பட்ட தலைமை வாழ்வில் ஒருமுறை அவர்க்குக் கிடைத்தது. லாஸ் ஏஞ்சல்ஸின் வெஸ்ட் ஆடம்ஸ் பகுதியில் கறுப்பினத்தவர் குடியிருத்தலாகாது என்னும் பத்திர விதியைக் காட்டி அயலார் தொடுத்த வழக்கில், அவர் பிறரோடு சேர்ந்து எதிர்வழக்காடினார். 1945 டிசம்பரில் நீதிபதி தர்மண்ட் கிளார்க், அமெரிக்க அரசியலமைப்பின் 14-ஆம் திருத்தத்தைக் காட்டி அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தார். இத்தகைய விதிகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாது என அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948-இல்தான்.

9. முடிவுரை

மேற்கண்டவற்றால் நாம் எய்தும் முடிபுகள் மூன்று. முதலாவது, மக்டானியலின் நடிப்பு ஒரே வேடத்தின் திருப்பம் அன்று. மலீனாவின் அசட்டையும், மம்மியின் மதிப்பீடும், மினர்வாவின் நேர்மொழியும் வெவ்வேறு கலைத்தீர்வுகள். இரண்டாவது, வார்ப்பு பொய்யாயினும் அதனுள் மெய்யான கணங்களை நடிகர் படைத்தல் கூடும். ஆனால் அக்கணங்கள் வார்ப்பை மெய்யாக்கிவிடுவதில்லை. மூன்றாவது, ஒரு கலைஞரை அவர்க்குத் தரப்பட்ட பனுவல்களை மட்டும் கொண்டு அளத்தல் முறையன்று. தரப்படாதவற்றையும் சேர்த்தே அளத்தல் வேண்டும்.

ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட வேண்டுமென்று அவர் விரும்பினார். இனம் காட்டி அது மறுக்கப்பட்டது. 1999-இல் அங்கு அவர்க்கு நினைவுக்கல் ஒன்று நிறுவப்பட்டது. தம் ஆஸ்கார் பரிசை ஹோவர்ட் பல்கலைக்கழகத்திற்கு அவர் உரிமையாக்கினார். அது பிற்காலத்தில் காணாமற் போயிற்று. 2023 அக்டோபரில் அதற்கு ஈடாக மற்றொன்று அப்பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்க்குப்பின் ஒரு கறுப்பின நடிகை ஆஸ்கார் பெற்றது 1990-ஆம் ஆண்டுப் படத்திற்காகவே. அவர் ஊப்பி கோல்ட்பர்க். இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளில் எழுதப்படாத பாத்திரங்கள் எத்துணையோ என்பதனையும் மக்டானியலின் படங்களைக் காணுந்தோறும் திறனாய்வாளர் நினைவிற் கொள்ளுதல் தகும்.